சாய்தளம் எங்கே தொடங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் நகராட்சிக்குப் புதிய முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகி வருகிறது. அதன் நில உபயோக விதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் நிபந்தனைகளையும் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க எண்ணுகிறோம். மத்தியச் சட்டமும் மாநிலக் கட்டட விதிகளும் ஏற்கெனவே இருக்கும்போது இது தேவையா? நகராட்சிக்கு அதற்கு அதிகாரம் உண்டா? சிறு வீடு கட்டுவோருக்குச் செலவு கூடிவிடாதா?

பதில்:

தேவை என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சட்டத்திலிருந்து தொடங்காமல் ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தின் சரிவு 1:12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். பேஸ்மட்டம் 45 செ.மீ. உயரமானால் 5.4 மீட்டர் நீளச் சாய்தளமும், 60 செ.மீ. ஆனால் 7.2 மீட்டரும், மழைநீருக்குப் பயந்து 4 அடி உயர்த்தினால் ஏறத்தாழ 14.6 மீட்டரும் தேவைப்படும். இவற்றில் இடையே நிற்பதற்கான சமதளம் சேரவில்லை. 30-க்கு 40 அடி மனை ஒன்றின் நீளமே 12.2 மீட்டர்தான். சாய்தளம் மனையை விட நீளமாகிவிடுகிறது. ஆகவே "வீட்டைக் கட்டிவிட்டு, தேவை வரும்போது சாய்தளம் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். பேஸ்மட்டத்தின் உயரமும், முன்புறமும் பக்கவாட்டிலும் விடும் காலியிடமும், வாசல் வைக்கும் பக்கமும் முடிவாகும் நாளிலேயே அந்த வீட்டுக்குள் யார் நுழைய முடியும், யார் முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. இவை மூன்றும் மனையோடு தொடர்புள்ளவை என்பதால், அணுகலைக் கழிவறையின் கைப்பிடி அளவோடு சேர்த்துப் பின்னிணைப்பில் எழுதுவதைவிட மனை குறித்த விதிகளில் எழுதுவது பயன் தரும்.

நம் ஊரில் சாய்தளமே கிடையாது என்றும் சொல்ல முடியாது. தெருவில் நடந்து பாருங்கள். ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் இரு சக்கர வாகனம் ஏற்ற ஒரு சிமெண்டுச் சரிவு இருக்கும். அதற்காகும் செலவைப் பற்றி எந்த வீட்டுக்காரரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சரிவு மிகச் செங்குத்தாக, மனைக்கு வெளியே பொதுச் சாலையில் இறங்கிக் கிடப்பதால், வண்டியை உள்ளே ஏற்றுகிறதே தவிர நடைபாதையில் வருபவரைச் சாலைக்குள் இறக்கிவிடுகிறது. ஒரு வீட்டின் வசதி அடுத்தவருக்குத் தடையாவதைத் தடுப்பதற்குத்தான் நில உபயோக விதிகளே இருக்கின்றன. இந்தச் சரிவை மட்டும் அவை இதுவரை கண்டுகொள்ளவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 44-ஆம் பிரிவு, அணுகல் தர விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்ட அனுமதி தரக் கூடாது என்றும், உட்படாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழோ குடியேற அனுமதியோ தரக் கூடாது என்றும் தெளிவாகவே சொல்கிறது. இதைப் படித்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் "நிறுவனம்" என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில் அரசு அமைப்புகளும் குழுமங்களும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் தொழிற்சாலைகளும் வருகின்றனவே ஒழிய, தன் மனையில் தனக்கென வீடு கட்டும் தனிநபர் வருவதில்லை. அதேபோல, இருக்கும் கட்டடங்களைத் திருத்தச் சொல்லும் 45-ஆம் பிரிவு பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களைப் பற்றியது. ஒரு நகரத்தின் பெரும்பகுதியான வீடுகள் இந்த வலைக்கு வெளியே நிற்கின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. அச்சட்டத்தின் கீழ் 2017-ல் வகுத்த விதிகளில் 15-ஆம் விதி, கட்டாயமான அளவுகளை வரையறுப்பதற்குப் பதிலாக வழிகாட்டுக் குறிப்புகளைச் சுட்டிக்காட்டியதோடு நின்றது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், விதி என்று சட்டம் கேட்ட இடத்தில் வெறும் பரிந்துரையை வைப்பது சட்டத்துக்கு முரணானது என்று கூறி அவ்விதியின் முதல் உட்பிரிவைச் செல்லாததாக்கியது. கட்டாயமானவற்றையும் படிப்படியாகச் செய்ய வேண்டியவற்றையும் பிரித்து மூன்று மாதங்களில் விதி வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. உங்கள் மனுவுக்கு இத்தீர்ப்பே முதல் துணை. "இயன்றவரை அமைக்கலாம்", "ஊக்குவிக்கப்படும்" போன்ற வாசகங்களை உங்கள் வரைவில் அனுமதிக்காதீர்கள். அத்தகைய சொற்களால்தான் 15-ஆம் விதி விழுந்தது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து மாநிலம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகளும் இடம்பெற்றிருக்கின்றன. விதி இருந்தும் அதைச் சரிபார்க்கும் கண் குறைவு என்பதே குறை. சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதன் மேல் ஒரு தளமோ சேர்த்து வீடு கட்டுவோர் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். நடுத்தரக் குடும்பங்களை அலைக்கழிப்பிலிருந்து காத்த திட்டம் என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அதிகாரி வந்து பார்க்கும் கட்டம் நீங்கிவிட்ட பிறகு, விண்ணப்பத்திலும் மாதிரி வரைபடத்திலும் இல்லாத ஒன்று வீட்டிலும் இருக்காது. எனவே சிறு வீடுகளுக்கான நிபந்தனைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவாகவும், ஒரு கொத்தனார் படித்தவுடன் புரிந்துகொள்ளும்படியும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே இடைவெளிதான் உள்ளாட்சிகளை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. அங்கே 1988-ல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட புதிய கட்டடங்களுக்கே அணுகல் நிபந்தனைகளை விதித்தது; தனி வீடுகளை அது தொடவில்லை. அட்லாண்டாவில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இயங்கிய எலினார் ஸ்மித் தம் தோழர்களோடு ஒரு எளிய கோரிக்கையை முன்வைத்தார். வீடு முழுவதும் எல்லா வசதியும் வேண்டாம். விருந்தாளியாக வருபவர் உள்ளே வந்து அமர்ந்து, கழிவறைக்குப் போய்த் திரும்ப முடிந்தால் போதும் என்பதே அது. படியில்லாத ஒரு வாசல், தரைத்தளத்தில் அகலமான கதவுகள், தரைத்தளத்திலேயே நுழையக்கூடிய ஒரு கழிவறை ஆகிய மூன்றே அந்த இயக்கத்தின் அடிப்படை. 1992-ல் அட்லாண்டா நகரம், நகராட்சியின் நிதிச் சலுகை பெறும் சிறு வீடுகளுக்கு இத்தகைய ஆணையைப் பிறப்பித்தது. அரிசோனா மாநிலத்தின் பிமா கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) 2002-ல் அரசுப் பணம் எதுவும் பெறாத தனி வீடுகளுக்கும் சேர்த்தே விதி செய்தது. வீடு கட்டுவோர் தரப்பு வழக்குத் தொடுத்தது; உள்ளாட்சிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2003-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டது சிறியதாக இருந்தது அங்கே பெரிய பலமாயிற்று என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்த மூன்றையும் அப்படியே இங்கே இறக்க முடியாது. அவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை நமக்கு உண்டு. அது சாலை மட்டம். பழைய தார் அடுக்கைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போவதால் சாலை உயர்கிறது. சாலை உயர்வதால் மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. அதற்கு அஞ்சி அடுத்து வீடு கட்டுபவர் பேஸ்மட்டத்தை 3 அடி, 4 அடி என்று ஏற்றுகிறார். ஏற்றிய உயரத்துக்கு ஒற்றைப்படையில் படிகளை எண்ணி வைக்கிறார். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் பேஸ்மட்டத்தைத் தாழ்த்தச் சொன்னால் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. சாலையைப் போடுமுன் பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்து மட்டத்தைக் காக்க வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். மழைநீர் தொடர்பாகப் பேசப்பட்ட அந்த அறிவுறுத்தலை நான் ஓர் அணுகல் ஆணையாகவே படிக்கிறேன். சாலை மட்டம் நிலைத்தால்தான் வாசல் மட்டம் நிலைக்கும். உங்கள் முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு மனைப்பிரிவுச் சாலைக்கும் நிரந்தர மட்ட அளவு ஒன்றைக் குறித்து, மறு தார் போடுகையில் அதை மீறக் கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். என் எண்ணத்தில் உங்கள் மனுவின் முதல் கோரிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையின் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "ஒவ்வொரு புதிய கட்டடத்திலும், சாலையின் விளிம்பிலிருந்து தரைத்தளத்தின் ஏதேனும் ஒரு நுழைவாயில் வரை, 1:12-க்கு மேற்படாத சரிவும் 1.2 மீட்டருக்குக் குறையாத அகலமும் கொண்ட, படியில்லாத ஒரு வழி முழுவதும் மனையின் எல்லைக்குள்ளேயே அமைக்கப்பட வேண்டும்." இதில் "ஏதேனும் ஒரு" என்பதும் "எல்லைக்குள்ளேயே" என்பதும் மிக முக்கியமான சொற்கள். முன்வாசலாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வாஸ்துவும் வாசற்கோலமும் குறுக்கே வரும்; பக்கவாட்டிலோ பின்புறமோ உள்ள வாசலாக இருந்தால் 7 மீட்டர் சாய்தளம் வீட்டின் நீளத்தோடு அமைதியாகப் படுத்துக்கொள்ளும். எல்லைக்குள்ளேயே என்று எழுதாவிட்டால் அத்தனை சாய்தளங்களும் நடைபாதைக்கு வந்துவிடும்.

பக்கவாட்டுக் காலியிடத்தைப் பற்றி இங்கே விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல சிறு வீடுகளில் அது 1 மீட்டரோ 1.5 மீட்டரோதான் இருக்கும். அதிலும் ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார், தண்ணீர்த் தொட்டியின் மூடி, கழிவுநீர்த் தொட்டி, குளிரூட்டியின் வெளிப்பெட்டி, மாடிப்படியின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பக்கத்துக் காலியிடத்தை இவற்றிலிருந்து விடுவித்து வழியாக ஒதுக்க வேண்டும் என்றும், அங்கே அமையும் கூரையற்ற சாய்தளம் காலியிட மீறலாகவோ தளப்பரப்புக் குறியீட்டிலோ (மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) கணக்கிடப்படாது என்றும் விதியில் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால், நல்லெண்ணத்தோடு சாய்தளம் கட்டுபவரிடமே யாராவது விதிமீறல் என்று சொல்லி நோட்டீஸ் கொடுப்பார்கள். மிகச் சிறிய மனைகளுக்கு, 1.2 மீட்டர் அகலம் விட முடியாத நிலையில், 90 செ.மீ. அகலத்தையும் பேஸ்மட்ட உயரத்துக்கு ஓர் உச்சவரம்பையும் அனுமதிக்கலாம். ஏழையின் 600 சதுர அடி மனைக்கும் பெரிய வீட்டுக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால் விதி நிலைக்காது.

அடுக்குமாடிகளில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. கீழே வாகன நிறுத்தம், அதிலிருந்து நான்கு படி ஏறினால் லிஃப்ட். லட்சக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய லிஃப்ட்டை அந்த நான்கு படிகள் மாற்றுத்திறனாளிக்கும் மூட்டுவலி உள்ள முதியவருக்கும் மறுத்துவிடுகின்றன. "லிஃப்ட் நிற்கும் மிகத் தாழ்ந்த தளம் வாகன நிறுத்தத் தளத்தோடு சமமாக இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி இதற்குப் போதும்.

அதிகாரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், பாதி உண்டு, பாதி இல்லை என்பதுதான். மாநிலப் பொது விதிகளை நகர்மன்றம் தானாக மாற்ற முடியாது. அவை தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் கீழ் அரசு வகுப்பவை. ஆனால் முழுமைத் திட்டத்தின் வரைவு மக்களின் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் வைக்கப்படும்போது நகர்மன்றத் தீர்மானத்தோடு மேற்சொன்ன வாசகங்களைக் கொடுக்கலாம். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கென வகுக்கும் விரிவான வளர்ச்சித் திட்டத்தில் அப்பகுதிக்குரிய நிபந்தனைகளைக் கேட்கலாம். நகராட்சியின் சொந்தச் சாலை, நடைபாதை, பூங்கா, வணிக வளாகம், சமுதாயக் கூடம் ஆகியவற்றுக்கோ யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பலர் மறந்துவிடும் இன்னொரு கருவி தொழில் உரிமம். வீடாகக் கட்டி அனுமதி பெற்ற கட்டடம் சில ஆண்டுகளில் மருத்துவமனையாகவும் பயிற்சி நிலையமாகவும் மருந்துக் கடையாகவும் மாறுகிறது. அப்போதே அது பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடமாகிவிடுகிறது. உபயோக மாற்றத்தின்போதும் உரிமம் வழங்கும்போதும் படியில்லா வழி இருக்கிறதா என்று கேட்பது நகராட்சியின் கைக்கு எட்டும் காரியம். பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊரில், எலும்பு முறிவு மருத்துவர் ஒருவரின் புதிய சிகிச்சையகத்துக்கு ஏழு படிகள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நோயாளிகளை இருவர் தூக்கிச் சென்றார்கள். அதை யாரும் விந்தையாக எண்ணவும் இல்லை.

நில உபயோக விதி என்றால் எது எங்கே இருக்கலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சிலர் ஒன்றாக வாழும் இல்லம் குடியிருப்புப் பகுதியில் சாதாரண வீட்டைப் போலவே இருக்கலாமா, அல்லது தனி அனுமதி வாங்க வேண்டுமா? டெக்சாஸ் மாநிலத்தின் கிளீபர்ன் நகரம் அத்தகைய இல்லம் ஒன்றுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று கேட்டு, அதை மறுக்கவும் செய்தது. முதியோர் இல்லத்துக்கும் விடுதிக்கும் கேட்காத அனுமதியை இவர்களிடம் மட்டும் கேட்பதற்கு வெறுப்பைத் தவிர வேறு காரணம் இல்லை என்ற முடிவோடு 1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரத்தின் அந்த நிபந்தனையை அந்த இல்லத்தைப் பொறுத்தவரை செல்லாததாக்கியது. நம் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. ஆகவே குடியிருப்பு உபயோகப் பட்டியலில் இத்தகைய இல்லங்களையும் பகல்நேரப் பராமரிப்பு மையங்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் எதிர்ப்பு எழும் நாளில் அந்த ஒரு சொல் காப்பாற்றும்.

சக்கர நாற்காலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிகிறது. மனை அளவில் முதலில் மோதுவது அதுதான் என்பதால் அப்படி. 2016-ன் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. பார்வையற்றவருக்குத் தெருவின் தொடர்ச்சிதான் வழிகாட்டி என்பதால், நடைபாதை வீட்டுக்கு வீடு ஏறி இறங்காமல் ஒரே மட்டமாக ஓட வேண்டும். வாகனம் நுழையும் இடத்தில் வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும். பார்வையற்றவர் காலால் உணர்ந்து நடக்கப் பதிக்கும் தொடுவழி ஓடுகளை மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்டவிடும் அவலத்துக்கு வரைபடத்திலேயே கம்பத்தின் இடத்தைக் குறிப்பதுதான் மருந்து. பூங்காக்களில் மாடும் வண்டியும் நுழையாதிருக்க வைக்கும் வளைவுக் கம்பிகளும் நடைபாதைத் தடுப்புக் கற்களும் 90 செ.மீ. இடைவெளி விட்டாலே சக்கர நாற்காலி போய்விடும்.

செலவைப் பற்றி. தொடக்கத்திலேயே வரைந்தால் கூடுவது சிறிது மண்ணும் செங்கல்லும் அகலமான இரண்டு வாசக்காலும்தான். அகலமான கதவுக்கு ஆகும் மரத்தின் விலை, அது மாற்றும் சுவரின் செங்கல் விலையில் ஓரளவு கழிந்துவிடும். கட்டி முடித்த பின் இடித்துச் செய்வதுதான் செலவு. லண்டனில் புதிய குடியிருப்புகளில் 10 விழுக்காடு சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கு ஏற்றதாகவும், மற்றவை எளிதில் மாற்றியமைக்கக் கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்று நகரத் திட்டமே கேட்கிறது. ஆயினும் அங்கே வீடு கட்டுவது நின்றுவிடவில்லை. சிலர், சாய்தளம் வைத்தால் கூடுதல் தளப்பரப்பு தரலாம் என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீயணைப்பு வழிக்கு யாரும் பரிசு கேட்பதில்லை. தவிர, பரிசு வாங்கிய பின் அந்தச் சாய்தளத்தில் ஜெனரேட்டர் உட்கார்ந்திருப்பதையும் பூந்தொட்டிகள் அணிவகுத்திருப்பதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதனால் கண்காணிப்புக்கும் ஒரு ஏற்பாடு கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்திருத்தம் செய்தது. அப்படி வரும் உறுப்பினர், நிறைவுச் சான்றிதழ் தேவைப்படும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் செல்லும் ஆய்வுக் குழுவில் இடம்பெற வேண்டும் என்று உங்கள் தீர்மானத்திலேயே சேர்த்துவிடலாம். வரைபடத்தில் 1:12 என்று எழுதியிருப்பதை அதிகாரி நம்பிக் கையெழுத்திடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்வார்.